இரண்டாம் பாதி ஏன் இழுக்கிறது?

2025 ஆகஸ்ட் 10 அன்று பெங்களூரு மெட்ரோவின் மஞ்சள் தடம் திறக்கப்பட்டது. ஆர்.வி. ரோட்டிலிருந்து பொம்மசந்திரா வரை 19 கிலோமீட்டர், 16 நிலையங்கள். கடைசிக்கு முந்தைய நிலையம் ஹெப்பகோடி. ஓசூர் சாலை நெரிசலில் நாள்தோறும் நசுங்கியவர்களுக்கு அது பெரிய விடுதலைதான். ஆனால் முதல் வாரங்களில் ஹெப்பகோடிக்காரர்கள் ஒரு வேடிக்கையான கணக்கை எதிர்கொண்டார்கள். தடத்தில் ஓடியவை மூன்றே ரயில்கள், 25 நிமிடத்துக்கு ஒன்று. கோணப்பன அக்ரஹாரம் அங்கிருந்து இரண்டாவது நிலையம். சில நிமிடப் பயணத்துக்கு நடைமேடையில் 25 நிமிடம் நிற்கவும் நேர்ந்தது. ரயிலின் வேகத்தில் ஒரு குறையும் இல்லை, ஆனாலும் பயணம் மெதுவாகவே பட்டது. பிறகு நான்காவது ரயில் வந்தது, ஐந்தாவது வந்தது, இடைவெளி குறைந்தது, முணுமுணுப்பும் குறைந்தது. இத்தனைக்கும் எந்த ரயிலும் முன்பைவிட வேகமாக ஓடவில்லை. வேகம் என்பது ஒன்று, நடை என்பது வேறொன்று. எவ்வளவு விரைவாக நகர்கிறோம் என்பது வேகம். நமக்கு ஏதாவது நிகழ்வது எவ்வளவு அடிக்கடி என்பது நடை. இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால், கணினி விளையாட்டு ரசிகர்களிடையே பல ஆண்டுகளாக ஓயாத ஒரு சச்சரவு ஓரளவு தெளிவாகும்.

சச்சரவு உத்தி ஆட்டங்களைப் பற்றியது. நாடு கட்டுவது, படை திரட்டுவது, எல்லையை விரிப்பது என்று மணிக்கணக்கில், சில சமயம் வாரக்கணக்கில் நீளும் ஆட்டங்கள் இவை. பிரிட்டனின் கிரியேட்டிவ் அசெம்பிளி நிறுவனம் உருவாக்கி 2006இல் வந்த ‘மெடீவல் 2: டோட்டல் வார்’ இவற்றில் ஒரு செவ்வியல் ஆட்டம். அதன் அடுத்த பாகம் உருவாகிறது என்று 2025 டிசம்பரில் அறிவிப்பு வந்தது. தயாரிப்பின் ஆரம்பக் கட்டத்திலேயே சொல்லிவிட்டார்கள், ஆகவே ரசிகர்கள் நம்பவும் பயப்படவும் நேரம் நிறைய இருக்கிறது. அவர்கள் கேட்பவை ஒன்றோடொன்று மோதுகின்றன. போர்கள் மெதுவாக நடக்க வேண்டும், வீரர்கள் இரண்டே நிமிடத்தில் சிதறி ஓடக்கூடாது என்கிறார்கள். கூடவே, ஆட்டத்தின் பிற்பகுதி இழுக்கக்கூடாது என்கிறார்கள். தலைமுறைகள் கடந்து செல்லும் நீளம் வேண்டும், ஆனால் சலிப்பு கூடாது. தமிழ்ப் படம் பார்த்துவிட்டு வருபவர் ‘முதல் பாதி விறுவிறு, செகண்ட் ஹாஃப் இழுவை’ என்று ஒரே மூச்சில் சொல்வதை நினைத்துக்கொள்ளலாம். அவர் படத்தின் நீளத்தைக் குறை சொல்லவில்லை. ரசிகர்களும் வேகத்தைப் பற்றிப் பேசுவதாக நினைத்துக்கொண்டு வேறு ஏதோ ஒன்றைப் பற்றித்தான் பேசுகிறார்கள். அதை ஆட்டநடை என்று அழைப்போம். அது என்ன பொருளால் ஆனது என்பதுதான் கேள்வி.

அது நாட்காட்டியால் ஆனதல்ல என்பதை மெடீவல் 2 ஆட்டமே காட்டியிருக்கிறது. அந்த ஆட்டம் 1080ஆம் ஆண்டில் தொடங்கி 1530இல் முடிகிறது. ஒரு சுற்றுக்கு இரண்டு ஆண்டுகள், ஆக 225 சுற்றுகள். ஆனால் மன்னர்களுக்கும் தளபதிகளுக்கும் ஒரு சுற்றில் ஆறு மாதமே வயதாகும். 1080இல் இருபது வயது இளவரசனாக இருந்தவன் 1200இல் ஐம்பது வயது மன்னனாகச் சிங்காசனத்தில் அமர்ந்திருப்பான். உலகத்துக்கு 120 ஆண்டுகள், அவனுக்கு முப்பது. உண்மையான கணக்கை வைத்தால் இரண்டு நகரம் பிடிப்பதற்குள் அரச பரம்பரையே மாறிவிடும் என்று தயாரிப்பாளர்கள் அஞ்சியிருக்கலாம். இந்த முரண்பாட்டைப் பொறுக்காத ரசிகர்கள் ஆட்டத்தின் கோப்பு ஒன்றில் ஓர் எண்ணை மாற்றி, ஒரு சுற்றை அரையாண்டாக்கிக்கொண்டார்கள். ஆட்டம் 900 சுற்றாக விரிந்தது. வரலாற்று மணம் கூடியது, வயதுக் கணக்கு சரியானது. இழுவை மட்டும் போகவில்லை. நூறு சுற்று ஆடுவதற்குள் யார் ஜெயிப்பார் என்று தெரிந்துவிடுகிற ஆட்டத்தில், சுவரில் தொங்கும் காலண்டரை மாற்றி என்ன பயன்?

யார் ஜெயிப்பார் என்பது ஏன் அவ்வளவு சீக்கிரம் தெரிகிறது? விடை வட்டிக்கடையில் இருக்கிறது. உத்தி ஆட்டங்களில் நகரம் வருமானம் தரும், வருமானம் படை தரும், படை இன்னொரு நகரத்தைப் பிடித்துத் தரும். விளைவே மறுபடி காரணமாகித் தன்னைத்தானே ஊட்டிக்கொள்ளும் இந்த அமைப்பைப் பெருக்கும் பின்னூட்டம் எனலாம். வட்டிக்கு வட்டி என்றால் இன்னும் சுலபம். இரண்டு ஆட்டக்காரர்கள் ஒரே செல்வத்தோடு தொடங்குகிறார்கள் என்று வையுங்கள். ஒருவரின் செல்வம் சுற்றுக்கு 2 சதவீதம் வளர்கிறது, மற்றவருடையது 3 சதவீதம். 72ஐ வளர்ச்சி வீதத்தால் வகுத்தால் இரட்டிப்பாகும் காலம் கிடைக்கும் என்பது வங்கிக்காரர்களின் பழைய மனக்கணக்கு. அதன்படி முதலாமவர் இரட்டிப்பாக 36 சுற்று, இரண்டாமவருக்கு 24 சுற்று. 72ஆம் சுற்றில் முதலாமவர் நான்கு மடங்கு, இரண்டாமவர் எட்டு மடங்கு. ஒரே ஒரு சதவீத வேறுபாடு மூன்றில் ஒரு பங்கு ஆட்டத்திலேயே ஒருவரை மற்றவரைப் போல் இரண்டு பங்கு பெரியவராக்கிவிட்டது. அதன் பிறகு படைபலத்தில் போட்டி என்பது பெயரளவுக்குத்தான். எதிரியின் திறமை, ரசிகரின் ரசனை எதுவும் இதில் நுழையவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். இழுவையின் விதை ஆட்டத்தின் கணக்கிலேயே இருக்கிறது.

இது பாதிக் கதைதான். மீதிப் பாதி, வேலைச்சுமை. தொடக்கத்தில் ஒரு நகரம், ஒரு படை. சுற்றுக்கு இரண்டு மூன்று கட்டளைகள் போதும். ஒவ்வொன்றும் உயிர்நாடியானது, முதல் படையைத் தவறான கணவாய்க்கு அனுப்பினால் ஆட்டமே போய்விடும். வெற்றி பெருகப் பெருக நகரங்கள் இருபதாகின்றன, படைகள் பதினைந்தாகின்றன. இருபது நகரத்துக்கும் வரிவீதம், கட்டடம், ஆட்சேர்ப்பு என்று ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். கட்டளைகள் ஐம்பதாக உயர்கின்றன. அவற்றில் நாற்பத்தைந்தைத் தப்பாகச் சொன்னாலும் வெற்றி மாறாது. ஒரு பக்கம் சுற்றுக்கான வேலை ஏறுகிறது, மறுபக்கம் அந்த வேலையால் மாறக்கூடிய முடிவு இறங்குகிறது. இரண்டு கோடுகளும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் இழுவை தொடங்குகிறது. முதலீடு செய்து கடை வைத்தவர் கடை பெருகியதும் கணக்குப்பிள்ளையாகிவிடுவதைப் போல, அரசனாக வந்தவர் இங்கே குமாஸ்தாவாகிவிடுகிறார்.

முடிவு தெரிந்துவிட்டது என்பதை அளக்க முடியுமா? முடியும். 1948இல் கிளாட் ஷானன் தகவல் கோட்பாட்டை வகுத்தபோது, ஒரு செய்தியில் எவ்வளவு தகவல் இருக்கிறது என்பது அதைக் கேட்பதற்கு முன் நமக்கு எவ்வளவு நிச்சயமின்மை இருந்தது என்பதைப் பொறுத்தது என்றார். நாளை சூரியன் உதிக்கும் என்ற செய்தியில் தகவல் ஏறக்குறைய பூஜ்யம். சுண்டிவிட்ட காசு பூவா தலையா என்பதில் தகவல் உண்டு. இந்தக் கண்ணோடு பார்த்தால், டோட்டல் வார் ஆட்டங்களிலேயே ஒரு நிச்சயமின்மைமானி பொருத்தப்பட்டிருக்கிறது. இரு படைகள் மோதும்போது, களத்தில் இறங்கி நாமே போரை நடத்தலாம். அல்லது ஒரு பொத்தானை அழுத்தினால் கணினியே கணக்குப் போட்டு முடிவைச் சொல்லிவிடும். முதல் பத்துச் சுற்றில் யாரும் அந்தப் பொத்தானைச் சுலபத்தில் தொடமாட்டார்கள். வெற்றியா தோல்வியா என்பது ஊசலாடுகிறது, தன் கைதான் அதைச் சாய்க்கும். நூறாவது சுற்றில் அதே ஆட்டக்காரர் அடுத்தடுத்து அழுத்திக்கொண்டே போகிறார். போர்க்களம் அதே அழகோடுதான் இருக்கிறது, குதிரைகளும் அதே வேகத்தில்தான் பாய்கின்றன. களைப்பாலும் நேரமின்மையாலும் அழுத்துகிறவர்கள் உண்டு என்பது உண்மைதான். ஆனால் அதே களைத்த மனிதர், சமபலமான ஒரு போர் வந்தால் நிமிர்ந்து உட்கார்ந்து கையாலேயே ஆடுகிறார். ஆக, வேகமான போரா மெதுவான போரா என்ற சண்டைக்குப் பின்னால் நிற்பது, இந்தப் போரில் தீர்மானிக்க இன்னும் ஏதாவது மிச்சமிருக்கிறதா என்ற கேள்வி.

ஜெஃப்ரி ஈலி, அலெக்சாண்டர் ஃபிராங்கெல், எமிர் காமெனிகா என்ற மூன்று பொருளியலாளர்கள் 2015இல் ஓர் ஆய்வுக் கட்டுரையில் இந்த உணர்வுகளுக்குத் துல்லியமான வரையறை கொடுத்தார்கள். முடிவைப் பற்றிய நம் கணிப்பு அடுத்த நொடியில் எவ்வளவு மாறக்கூடும் என்பது பதைபதைப்பு. உண்மையில் எவ்வளவு மாறியது என்பது வியப்பு. முன்னது வரப்போவதைப் பார்த்து, பின்னது வந்துபோனதைப் பார்த்து. இதில் ஒரு நுட்பம் உண்டு: திருப்பங்களை அளவில்லாமல் அள்ளிப் போட முடியாது. ‘இப்போது ஒரு திருப்பம் வரும்’ என்று தெரிந்தவுடனே மனம் அதையும் கணிப்பில் சேர்த்துக்கொள்கிறது, திருப்பம் திருப்பமாக இல்லாமல் போகிறது. முக்கியமாக, இந்த வரையறையில் கடிகார வேகத்துக்கு இடமே இல்லை. 2024 நவம்பரிலும் டிசம்பரிலும் சிங்கப்பூரில் சென்னைக்காரர் குகேஷும் டிங் லிரெனும் மோதிய உலகச் சதுரங்கப் போட்டி சரியான சான்று. முதல் நாற்பது நகர்வுக்கு ஆளுக்கு இரண்டு மணி நேரம், காய் நகராமலே கால் மணி நேரம் ஓடிவிடும் ஆட்டம். பதிமூன்று ஆட்டங்கள் முடிந்தபோது ஆளுக்கு ஆறரைப் புள்ளி. டிசம்பர் 12 அன்று நடந்த பதினான்காவது ஆட்டமும் டிராவை நோக்கிப் போய்க்கொண்டிருக்க, 55ஆவது நகர்வில் டிங் ஒரு யானையைத் தவறான கட்டத்தில் வைத்தார். மூன்றே நகர்வில் சென்னைக்கு ஓர் உலகச் சாம்பியன் கிடைத்தார். சில வாரங்கள் நீண்ட அந்தப் போட்டியை இழுவை என்று சொல்ல முடியாது. ‘உத்தி ஆட்டம் என்றால் மெதுவாகத்தான் இருக்கும், பொறுமை இல்லாதவர்கள் வேறு ஆட்டம் ஆடட்டும்’ என்று பழைய ரசிகர்கள் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. மெதுவாக இருப்பது குறையல்ல. ஆனால் குகேஷின் ஆட்டம் மெதுவாக இருந்துகொண்டே கடைசி நகர்வுகள் வரை திறந்திருந்தது. மூடிப்போன ஆட்டத்தின் மெதுநடைக்கு அந்தச் சலுகை கிடையாது.

நம் திண்ணை ஆட்டங்கள் இந்தச் சிக்கலைக் கணினிக்கு வெகு முன்பே சந்தித்திருக்கின்றன. பல்லாங்குழி, பெருக்கும் பின்னூட்டத்தின் நேர் வடிவம். ஒரு சுற்றில் காய் இழந்தவர் அடுத்த சுற்றில் தன் ஏழு குழிகளையும் நிரப்ப முடியாமல் சிலவற்றைக் காலியாக விட்டுவிட்டு ஆட வேண்டும். குழி குறைந்தால் வழி குறையும், வழி குறைந்தால் இன்னும் காய் போகும். பரமபதம் இதற்கு நேர் எதிர். உச்சியை நெருங்கியவருக்காகவே அங்கே ஒரு பெரிய பாம்பு வாய் பிளந்து காத்திருக்கும். முன்னால் ஓடுபவரைப் பின்னுக்கு இழுக்கும் இந்த ஏற்பாடு, அடக்கும் பின்னூட்டம். கடைசிக் கட்டம் வரை நிச்சயமின்மை செத்துப்போவதில்லை. ஆனால் அந்த நிச்சயமின்மை முழுக்கத் தாயத்தின் கையில் இருக்கிறது, ஆடுபவரின் தீர்மானம் என்று ஒன்று அங்கே கிடையாது. மூன்றாவது வழியைக் காட்டுவது ஆடுபுலி ஆட்டம். மூன்று புலி, பதினைந்து ஆடு. ஆடுகளை ஒவ்வொன்றாக இறக்கும் வரை ஒரு கட்டம், எல்லாம் இறங்கியபின் நகர்த்தும் கட்டம். பாதியில் ஆட்டத்தின் தன்மையே மாறுகிறது. அதே சமயம் ஒரு முறைக்கு ஒரே ஒரு நகர்வு என்ற வேலையளவு கடைசிவரை மாறுவதில்லை. எல்லாவற்றையும்விட, புலிகள் நகர முடியாமல் கட்டுண்ட அந்தக் கணமே ஆட்டம் முடிகிறது. ‘ஆடுகள் இனி மீதமுள்ள கட்டங்களையும் பிடிக்க வேண்டும்’ என்று யாரும் விதி எழுதவில்லை. மெடீவல் 2 நீண்ட படையெடுப்பில் 45 பகுதிகளைப் பிடிக்கச் சொன்னது. வெற்றி நிச்சயமான பிறகும் பலமணி நேரம் கட்டுண்ட புலிகளைச் சுற்றி ஆடு மேய்க்கும் வேலை.

பெரிய ஆட்டங்கள் பரமபதப் பாம்பை வைத்துப் பார்க்காமலில்லை. மெடீவல் 2இல் நடுவழியில் கிழக்கிலிருந்து மங்கோலியர்கள் திரள்திரளாக வருவார்கள், அவர்களுக்குப் பின் பீரங்கி சுமக்கும் யானைகளோடு தைமூர் படை வரும். இரண்டும் வரைபடத்தின் கிழக்கு ஓரத்தைக் கலக்கும். இங்கிலாந்தில் உட்கார்ந்திருப்பவருக்கு அது வெளியூர்ச் செய்தி. அதே நிறுவனம் உருவாக்கி 2011இல் வந்த ‘ஷோகன் 2’ துணிந்து எல்லோருக்குமான ஒரு பாம்பை வைத்தது. உன் புகழ் ஒரு அளவைத் தாண்டினால் நாடே உனக்கு எதிராகத் திரும்பும். உன் நகரங்களில் எதையும் அது பறிக்கவில்லை, எதிர்ப்பை மட்டும் உயர்த்தியது. நிச்சயமின்மை மீண்டும் பிறந்தது. ஆனால் இருபது ஆண்டு நண்பனாக இருந்தவனும் காரணமில்லாமல் வாளெடுத்தான் என்ற குறை இன்றுவரை தீரவில்லை. பொறுத்துக்கொள்ளக்கூடிய குறை என்றே எனக்குத் தோன்றுகிறது. 2025 பிப்ரவரியில் வந்த ‘சிவிலைசேஷன் 7’ இன்னும் ஒருபடி மேலே போனது. பெரும்பாலோர் ஆட்டத்தை முடிப்பதே இல்லை என்பதைக் காரணமாகச் சொல்லி, ஃபிராக்சிஸ் நிறுவனம் வரலாற்றை மூன்று யுகங்களாக வெட்டியது. முதல் இரண்டு யுகங்களின் முடிவிலும் நெருக்கடி வந்தது, பிறகு அடுத்த யுகத்துக்கு வேறொரு நாகரிகத்தைத் தேர்ந்துகொள்ள வேண்டியிருந்தது. இரண்டாம் யுகத்தில் சோழர்கள் இருந்ததில் தமிழ் ஆட்டக்காரர்களுக்கு மகிழ்ச்சி. ஆனால் வெளியானபோது சோழராகத் தொடங்கிச் சோழராகவே முடிக்க வழியில்லாமல் இருந்தது. பொருளியல் கணக்குப்படி இது சரியான மருந்து: வட்டிக்கு வட்டி இரண்டு முறை அறுக்கப்பட்டது. மருந்து பலருக்குக் கசந்தது, விமர்சனங்கள் கலவையாகவே வந்தன. அதே ஆண்டில் வந்த புதுப்பிப்புகள் யுக மாற்றத்தின் வெட்டை மென்மையாக்கின. ஒரே நாகரிகத்தோடு முழு ஆட்டத்தையும் ஆடும் வழியைச் சோதிக்கப்போவதாகவும் நிறுவனம் அறிவித்தது. ஏன் கசந்தது என்பதற்கு 1979இலேயே விடை உண்டு. உளவியலாளர்கள் கானமனும் ட்வெர்ஸ்கியும் காட்டியபடி, பத்து ரூபாய் கிடைக்கும் இன்பத்தைவிடக் கையிலிருந்த பத்து ரூபாய் போகும் வலி பெரிது. ஷோகன் 2 எதிரியைக் கூட்டியது, சிவிலைசேஷன் 7 கையிலிருந்ததைக் கலைத்தது. நிச்சயமின்மையைத் திருப்பிக் கொண்டுவருவதில் இரண்டும் ஒன்றுதான், மனத்தின் பேரேட்டில் இரண்டும் வெவ்வேறு பத்தியில் ஏறுகின்றன.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. எல்லோரும் ஜெயிப்பதற்காக ஆடுவதில்லை. நகரத்தை அழகாகக் கட்டுவது, வம்சத்தின் கதையைத் தொடர்வது, வரைபடம் மெல்ல ஒரே நிறமாவதைப் பார்த்துக்கொண்டிருப்பது என்று ஆடுபவர்கள் ஏராளம். அவர்களுக்கு முடிவு தெரிந்தால் என்ன? நியாயம்தான். ஆனால் அவர்களும் நிச்சயமின்மையைத்தான் உண்கிறார்கள், பரிமாறும் தட்டு வேறு. மூத்த மகன் அறிவாளியா முட்டாளா, மருமகன் விசுவாசமாக இருப்பானா, இந்தத் துறைமுகம் செழிக்குமா என்ற கேள்விகள் திறந்திருக்கும்வரை அவர்களுக்குச் சலிப்பில்லை. ஆகவே மெடீவலின் அடுத்த பாகத்தில் வம்ச அரசியல் ஆழமாக வேண்டும் என்று கேட்பவர்களும், பிற்பகுதி இழுக்கக்கூடாது என்பவர்களும் நினைக்கிற அளவுக்கு எதிரிகளல்ல. வெற்றி முடிவானபின்னும் வேறொரு கேள்வியைத் திறந்து வைக்கச் சொல்கிறார்கள், அவ்வளவே. இன்னொரு மறுப்பு புள்ளிவிவரத்தைப் பற்றியது. ஆட்டத்தை முடிக்காதவர்கள் எல்லாம் சலித்துப்போனவர்கள் என்று எப்படிச் சொல்வது? தொடக்கம் பிடித்துப்போய் மறுபடி மறுபடி முதலிலிருந்து தொடங்குபவர்களும் அந்தக் கணக்கில் சேர்கிறார்களே. சரி. பாதியில் விட்டவர் எத்தனை பேர் என்பது எதையும் நிரூபிக்காது. அவர்கள் எந்தச் சுற்றில் விட்டார்கள், விட்டபோது முன்னிலையிலா பின்னடைவிலா, அதற்கு முந்தைய பத்துப் போரில் எத்தனைக்குப் பொத்தானை அழுத்தினார்கள் என்பதைப் பார்த்தால் விடை கிடைக்கும். பெரிய முன்னிலையோடு விட்டவர்கள் அதிகமென்றால் நம் வாதம் நிற்கும், தோற்கும்போது விட்டவர்கள் அதிகமென்றால் விழும்.

நடையை வேகம் என்று புரிந்துகொண்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு சோக உதாரணத்தையும் சொல்லிவிட வேண்டும். 1997இல் வந்து கொண்டாடப்பட்ட ‘டஞ்சன் கீப்பர்’ ஆட்டத்தைப் பல ஆண்டுகள் கழித்துக் கைபேசிக்குக் கொண்டுவந்தார்கள். அதில் ஒரு பாறைக்கட்டியைத் தோண்ட 24 மணி நேரம்வரை ஆகும், பணம் கட்டினால் உடனே தோண்டப்படும். 25 நிமிடத்துக்கு ஒரு ரயிலை விட்டுவிட்டு, ஐம்பது ரூபாய் கொடுத்தால் அடுத்த நிமிடமே ரயில் என்று சொல்வதைப் போல. இலவச ஆட்டம் என்று அதை விளம்பரம் செய்தது தவறான தகவல் என்று பிரிட்டனின் விளம்பரத் தர ஆணையம் 2014இல் தீர்ப்புச் சொன்னது. தாமதத்தை உற்பத்தி செய்து விற்கும் இந்தத் தொழில் பரவிய பிறகு, எந்தப் பழைய ஆட்டத்தின் அடுத்த பாகம் அறிவிக்கப்பட்டாலும் ரசிகர்களுக்கு அடிவயிற்றில் ஒரு கலக்கம் வருவதில் வியப்பில்லை.

இனி மெடீவலின் அடுத்த பாகத்துக்கான முன்னோட்டக் காட்சிகள் ஒவ்வொன்றாக வரும். அவற்றில் நிறுவனங்கள் பெரும்பாலும் காட்டாத ஒன்றை ரசிகர்கள் கேட்கலாம். முன்னோட்டங்கள் பெரும்பாலும் முதல் இருபது சுற்றையோ, சரிசமமான ஒரு பெரும்போரையோதான் காட்டும். இரண்டுமே நிச்சயமின்மை நிரம்பி வழியும் இடங்கள், எந்த ஆட்டமும் அங்கே நன்றாகத்தான் இருக்கும். அறுபது பகுதிகளை ஆளும் ஒருவரின் நூற்றைம்பதாவது சுற்றை வெட்டாமல் ஒட்டாமல் அரைமணி நேரம் ஓடவிடச் சொல்லலாம். அந்த அரைமணியில் அவர் எத்தனை முறை சொடுக்கினார், அவற்றில் எத்தனை முறை சற்றே தயங்கிச் சொடுக்கினார் என்று எண்ணிக்கொண்டே பார்க்கலாம்.